பதினொரு பிரதிகள்

வேலை செய்யும் அழகு நிலையத்தில் அவளுக்கு வானொலி என்று பெயர். வாடிக்கையாளர்கள் வைத்த பெயர்தான். கத்தரிக்கோல் ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். இரண்டில் முதலில் ஓய்வது எப்போதும் கத்தரிக்கோல்தான். அவளிடம் தலையைக் கொடுத்தவர்கள் யாரும் வருத்தப்பட்டதில்லை. ரகசியத்தைக் கொடுத்தவர்கள்தான் வருத்தப்பட்டார்கள். அதில் முதல் ஆள் அவளுடைய சொந்தத் தங்கை.

நான்கு வருடங்களுக்கு முன்பு தங்கைக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. அதை அவள் அக்காவிடம் மட்டும் சொன்னாள். அக்கா மனசு தாங்காமல் ஒரே ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னாள். அந்த ஒருவர் யாரிடம் சொன்னாரோ, கண் காது மூக்கு எல்லாம் முளைத்து அந்தச் செய்தி தங்கையிடமே திரும்பி வந்தது. அவள் நேரே அழகு நிலையத்துக்கு வந்து நின்றாள். வானொலி அரை மணி நேரம் பேசினாள். தங்கை திரும்பிப் போனாள். அதோடு சரி. போன் செய்தால் எடுப்பதில்லை. உறவுக்காரர்கள் வீட்டில் எதிரெதிரே உட்கார நேர்ந்தால் தங்கை சுவரைப் பார்ப்பாள்.

"ஒரே ஒருத்தர்கிட்ட சொன்னதுக்கு நாலு வருஷமா?" என்பது வானொலியின் கட்சி. தன் பக்கத்து நியாயத்தை ஒரு தடவை முழுசாகக் கேட்டால் போதும், தங்கை மனம் மாறிவிடுவாள் என்று நம்பினாள். கேட்க வைப்பதுதான் எப்படி என்று தெரியவில்லை. நூலகத்து மாடியில் சனிக்கிழமைதோறும் கதை எழுதக் கற்றுத்தருகிறார்கள் என்று காதில் விழுந்ததும் வழி பிறந்துவிட்டது. போனைத் துண்டிக்கலாம், கதையை, அதுவும் நல்ல கதையை, யார் பாதியில் வைப்பார்கள்? மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

வகுப்பில் அவளைத் தவிரப் பத்துப் பேர். ஆசிரியை அவளைவிடப் பத்து வயது இளையவள், எந்நேரமும் ஜலதோஷம். அவள் போட்டிருந்த விதி ஒன்றுதான். எழுதியவர் ஆசிரியையையும் சேர்த்து எல்லோருக்கும் ஒரு பிரதி எடுத்துத் தர வேண்டும்; அவர்கள் வீட்டில் படித்துப் பென்சிலால் குறிப்பு எழுதி வருவார்கள்; அடுத்த வாரம் அவர்கள் பேசப் பேச, எழுதியவர் இருபது நிமிடம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு பிரதிகளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

"இருபது நிமிஷமா?" என்று வானொலி கேட்டாள்.

"தண்ணி குடிக்கலாம்" என்றாள் ஆசிரியை.

ஐந்தாவது வாரம் வானொலி ஆறு பக்கக் கதையைப் பதினொரு பிரதி எடுத்துக் கொடுத்தாள். பெயர்களை மாற்றியிருந்தாள். வேறு எதையும் மாற்றவில்லை. கரு கலைந்தது, சொன்னது, தங்கை வந்து நின்றது, எல்லாம் இருந்தது. அக்காவின் பேச்சு மட்டுமே மூன்று பக்கம். படித்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு 'பாவம் அந்த அக்கா' என்று சொல்லப் போகிறார்கள் என்ற நினைப்பில் அந்த வாரம் முழுக்க மிதந்தாள்.

ஆறாவது வாரம் பல் மருத்துவர் ஆரம்பித்தார். "அக்கா பாத்திரம் பிரமாதம். இப்படி ஒரு மோசமான ஆளை, அவ வாயாலயே பேசவிட்டு மாட்ட வச்சிருக்கீங்க. அதுக்குத் தைரியம் வேணும்."

வானொலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயைத் திறந்தாள். ஆசிரியை விரலை உயர்த்தினாள். வானொலி தண்ணீர் குடித்தாள்.

ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் தாள்களைப் புரட்டினார். "ஆறு பக்கத்துல தங்கச்சிக்கு ஒரு வார்த்தைகூட இல்ல. வந்தா, நின்னா, அழுதா, போனா. நான் முப்பது வருஷம் சரக்கு வண்டி ஓட்டினவன். அதுல ஏத்தின மூட்டைகூட இதைவிட அதிகமாச் சத்தம் போடும்."

எல்லோரும் சிரித்தார்கள். பத்துப் பேரும் தங்கை பக்கம். வானொலிக்கு முகம் எரிந்தது, சொல்ல வந்ததை எல்லாம் மென்று விழுங்கினாள். பாட்டில் காலியான பிறகும் எட்டு நிமிடம் மிச்சம் இருந்தது.

கடைசியில் ஆசிரியை, "தங்கை அன்னைக்கு என்ன சொன்னாள்னு ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க" என்றாள்.

வீட்டில் நோட்டை விரித்து உட்கார்ந்தாள். அன்று நாற்காலியில் இருந்தது யார், அந்த அம்மாளின் தலையில் என்ன சாயம் ஊறிக்கொண்டிருந்தது, தான் என்னென்ன சொன்னோம், எல்லாம் வரி பிசகாமல் வந்தது. தங்கையின் வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. அவள் இரண்டு தடவை வாயெடுத்தாள்; இரண்டு தடவையும் "நீ முதல்ல நான் சொல்றதைக் கேளு" என்று தான் அடக்கியது மட்டும்தான் ஞாபகம் வந்தது. தங்கை சொல்ல வந்ததைக் கற்பனையாக எழுத அவளுக்குக் கை வரவில்லை. முதன்முறையாக வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, தங்கை வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனாள். சும்மா போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள் என்று சர்க்கரைப் பரிசோதனைக்குப் பதிந்து டோக்கன் வாங்கிக்கொண்டாள். முப்பத்தேழாம் எண். கூப்பிட்டதும் போய் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

தங்கை கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். "வெறும் வயித்துலதானே வந்தீங்க?" என்றாள், யாரோ மாதிரி.

வானொலி தலையாட்டினாள்.

ஊசி ஏறியது. தங்கை பஞ்சை வைத்து அழுத்தினாள். "கையை மடக்கிக்கங்க." அவளுடைய கட்டைவிரல் பஞ்சின் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது. "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

வானொலி இல்லை என்று தலையசைத்தாள். தங்கைக்குப் பயமாகிவிட்டது. அக்கா பேசாமல் இருந்து அவள் பார்த்ததே இல்லை. "பதினோரு மணிக்கு எனக்கு இடைவேளை. பின்பக்கம் உக்காரு" என்றாள்.

பின்பக்கத்து பெஞ்சில் வானொலி பையிலிருந்து கதையை எடுத்து நீட்டினாள். "எங்க வகுப்புல ஒரு விதி இருக்கு. எழுதினவ பேசக் கூடாது. நீ படிச்சுட்டுச் சொல்லு. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

தங்கை ஆறு பக்கத்தையும் படித்தாள். முகம் சிவந்தது. "பேரை மாத்திட்டா ஆச்சா? இதை எத்தனை பேருக்குக் குடுத்த?"

வானொலி பத்து விரலைக் காட்டினாள். பிறகு இன்னொன்று.

"முன்னே ஒருத்தர். இப்ப பதினொண்ணு. நல்லா முன்னேறியிருக்க."

வானொலிக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு வருடமாகத் தங்கைக்கு நியாயம் சொல்லத் தவித்தவள், அதே குற்றத்தைப் பிரதி எடுத்து விநியோகித்திருக்கிறாள். 'ஐயோ' என்றுகூடச் சொல்லாமல் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் என்ன சொல்ல வந்தேன்னு தெரியுமா உனக்கு?" தங்கை தாள்களை மடியில் போட்டாள். "அவர் அப்ப கப்பல் வேலையில கடல்ல இருந்தார். போன்ல சொல்ல வேண்டாம், வந்ததும் பக்கத்துல உக்காந்து சொல்லணும்னு இருந்தேன். இன்னும் ஒன்பது நாள்தான். நீ சொன்ன அந்த ஒருத்தரோட மருமகனும் அதே கப்பல்க்கா. சாப்பாட்டு மேசையில, எல்லார் முன்னாடியும் அவர்கிட்ட துக்கம் விசாரிச்சிருக்கான். புள்ள வரப்போகுதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்த மனுஷன். கையில தட்டோட நின்னாராம்."

வானொலிக்கு இது தெரியாது. நாலு வருடமாகத் தெரியாது. 'எனக்குத் தெரியாதுடி' என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதையும் சேர்த்து விழுங்கினாள். கண்ணீர்தான் நிற்கவில்லை, அதற்கு விதியில் தடை ஏதும் இல்லை.

தங்கை இருபது நிமிடத்துக்கு மேலேயே பேசினாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். எழுந்தாள். "மிச்ச பிரதியெல்லாம் எங்க?"

வானொலி பத்தையும் எடுத்துக் கொடுத்தாள். தங்கை எண்ணிச் சரிபார்த்தாள். ஒன்றின் ஓரத்தில் ரயில் ஓட்டுநர் பென்சிலால் எழுதியிருந்தது கண்ணில் பட்டது: 'இந்தப் பெண்ணை யாராவது பேச விடுங்களேன்.' அதை மட்டும் இரண்டு முறை படித்தாள். எல்லாவற்றையும் மடித்துக் கைக்குள் இடுக்கிக்கொண்டாள்.

"ரிப்போர்ட் நாளைக்கு வரும். நீயே வந்து வாங்கிக்கோ. இன்னும் பாதிகூடச் சொல்லி முடிக்கல நான்." கதவருகில் திரும்பினாள். "உனக்குச் சர்க்கரை எவ்வளவுன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எங்க வேலையில அப்படி ஒரு விதி."

சனிக்கிழமை வகுப்பில் ஆசிரியை மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "தங்கைக்குப் பேச்சு கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"படிங்க."

"படிக்கறதுக்கில்ல. அவ என்கிட்ட சொன்னது."

ரயில் ஓட்டுநருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இதென்னம்மா அநியாயம்! ஒரு வரியாவது சொல்லுங்க. என்னதான் சொன்னா?"

வானொலி அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். அன்று அவளுடைய முறைகூட இல்லை. பிறகு பையைத் திறந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். பதினொரு பிரதிகள்.

"இது வேற கதை. என்னைப் பத்தினது" என்றாள். "எத்தனை பேருக்கு வேணும்னாலும் போகட்டும்."