அகிம் எர்மெக்கின் எட்டாவது பட்டம்

கிர்கிஸ்தானின் கோக்-தாலா மாவட்டத்தில் அகிம் எர்மெக் தன் பெயரைச் சொல்லத் தொடங்கி, பதினோரு நாளாகியும் முடிக்கவில்லை. அகிம் என்றால் மாவட்டத் தலைவர். பெயர் முடியாததற்குக் காரணம், அலுவலகத் தட்டச்சர் பெர்மெத் கணினியில் எழுதிய விதி. இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் அதற்குப் பதிலாக வர வேண்டியது. முதலாவதைக் கண்ட இடத்திலெல்லாம் கணினி இரண்டாவதைப் போட்டுவிடும். கடிதந்தோறும் தன் ஏழு பட்டங்களும் வர வேண்டுமென்று அவர் அடம்பிடித்ததால், ‘அகிம்’ என்று அடித்தாலே ஏழும் வந்து விழும்படி அவள் செய்தாள். விதி காகிதத்தோடு நிற்கவில்லை. மறுநாள் சந்தையில் அவரைத் திட்ட வாயெடுத்தவர்களுக்கும் ஏழு பட்டங்களே வந்தன. திட்டு முடிவதற்குள் பேரம் பேசிய ஆடு வேறொருவர் கைக்குப் போய்விட்டது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது விதிதான் வலித்தது. பெர்மெத் குடியிருந்த கீழ்த்தெருவின் நாற்பது வீடுகளுக்கு இரண்டு கோடையாகக் குழாய் வறண்டிருந்தது. மனுக்கள் குவிந்ததும், ‘தண்ணீர் வரவில்லை’ என்பதை ‘தண்ணீர் வருகிறது’ என்று மாற்ற அகிம் உத்தரவிட்டார். அவள் மறுத்தாள். துணைத் தலைவர் சாதிர் அவள் நாற்காலியில் உட்கார்ந்து தானே அடித்தார். அன்று மாலை பெண்கள் காலி வாளிகளோடு அலுவலக வாசலில் நின்று, “தண்ணீர் வருகிறது” என்று கத்தினார்கள். அகிம் சன்னல் வழியே கையசைத்து நன்றி சொன்னார்.

தலைநகரிலிருந்து ஆய்வுக்குழு வருவதாகக் கேள்விப்பட்டு, ‘அகிம்களுக்கெல்லாம் அகிம்’ என்பதை எட்டாவது பட்டமாகச் சேர்க்கச் சொன்னார்.

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“சொன்னதச் செய்யும்மா.”

அவள் கூட்டாமல் குறைக்காமல் செய்தாள். குழுவின் முன் அவர் தன் பெயரைப் பதவியோடு சொல்லத் தொடங்கியதும் எட்டுப் பட்டங்கள் வந்தன; எட்டாவதற்குள் அகிம் இருந்ததால் அதனிடத்தில் இன்னும் எட்டு, அதற்குள் மறுபடி எட்டு. குழு மதியம் வரை காத்திருந்து, ஆட்டுக்கறியைத் தின்றுவிட்டுக் கிளம்பியது. அவர் உதடு தூக்கத்திலும் ஓடியது. மனைவி பட்டங்களின் இடைவெளியில் கரண்டியால் சூப்பு ஊற்றினாள்.

சாதிர் விதியைத் தானே அழிக்கப் பார்த்தார். எதை அழிக்க வேண்டும் என்று கணினி கேட்டது. ‘அகிம்’ என்று அடித்தவுடன் திரை பட்டங்களால் நிரம்பியது. அதை மேற்கோள் குறிக்குள் அடிக்க வேண்டும் என்பது பெர்மெத்துக்கு மட்டும் தெரியும்.

“தங்கச்சி, அழிச்சிடு. மனுஷன் தொண்டை தேஞ்சு போச்சு.”

“கீழ்த்தெருக் குழாயைத் திறங்க, அழிக்கிறேன்.”

“வேலை போயிடும், பாத்துக்க.”

“போகட்டும். அடுத்து வர்றவ அழிக்கட்டும். அந்தச் சொல்ல வாய்விட்டு மட்டும் படிச்சிர வேண்டாம்னு சொல்லி வைங்க.”

“மிரட்டுறியா?”

“இல்லண்ணே. உங்க பெரியவரு மாதிரி நானும் சொன்னதையேதான் சொல்லிட்டிருக்கேன்.”

பதினோராம் நாள் குழாய் திறந்தது. நாற்பது வீட்டு வாளிகளும் நிரம்பும்வரை பார்த்திருந்துவிட்டு அவள் விதியை அழித்தாள். எர்மெக் பாதிப் பட்டத்தில் நின்றார். பிறகு நேராகக் கீழ்த்தெருவுக்கு நடந்து வந்தார்.

“கொஞ்சம் தண்ணி குடும்மா.”

பெர்மெத் கிண்ணத்தை நீட்டவில்லை. “யாருக்கு?”

அவர் வாயைத் திறந்தார், மூடினார். “எர்மெக்குக்கு.”

இரண்டு கிண்ணம் குடித்தார். தண்ணீரைப் பற்றிய அந்த இரண்டாவது விதி இன்னும் கணினியில்தான் இருக்கிறது. மாற்றுவதற்குச் சொல் எதுவும் கிடைக்காமல் அது சும்மா கிடக்கிறது.