காற்று நுழையாத உறை

வினைல் தரை ஒட்டும் வேலையில் அவருக்கு ‘மில்லிமீட்டர்’ என்று பெயர். இரண்டு துண்டுகளுக்கு நடுவே தலைமுடி நுழைந்தால்கூட முழுவதையும் பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்டுவார். அப்படிப்பட்டவர் தன் கத்தியை மட்டும் ஒரு பழைய சாக்ஸில் சுருட்டிப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டு அலைந்தார். விரல் நீளக் கத்தி, மடங்காதது. கைக்குத் தோதாக அவரே தேய்த்து உருமாற்றியிருந்ததால் கடையில் விற்கும் எந்த உறையும் அதற்குச் சேரவில்லை.

ஒரு சாயங்காலம் மகள் அவர் மடியில் ஏறினாள். சாக்ஸைத் துளைத்து வந்த முனை அவள் முட்டியைக் கீறியது. சின்னக் கீறல்தான். மனைவி மருந்து போட்டாள், கத்தவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

“இந்த வாரத்துக்குள்ள அதுக்கு ஒரு உறை வரணும். இல்லைன்னா அது வாசலோட நிக்கட்டும்.”

“வெளிய வெச்சா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்மா.”

“அப்ப நீங்களும் அதோட நில்லுங்க. காவலுக்கு ஆச்சு.”

தோல் பட்டறை ஒன்றைத் தேடிப் போனார். பட்டறை என்றால் கோபித்துக்கொள்வார்கள். கண்ணாடிக் கதவில் ‘படைப்பகம்’ என்றிருந்தது. உரிமையாளர் கத்தியை இரு கைகளிலும் ஏந்திக் கண்ணை மூடினார்.

“இதுக்கு உறை யாரு வேணா தைக்கலாம் சார். நாங்க இதோட மனசுக்குத் தைக்கறோம்.”

“மனசுக்கு வேணாங்க. முனைக்குப் போதும்.”

“மூணு வாரம் கத்தி எங்களோட வாழணும்.”

“அதுவரைக்கும் நான் எதை வெச்சு அறுக்கறது?”

உரிமையாளர் விலையைச் சொன்னார். அதைக் கேட்டால் கத்தியே வெட்கப்படும். கிளம்பும்போது, அட்டைப்பெட்டிக் கனத்தில் ஒரு விசிட்டிங் கார்டைக் கொடுத்தார்கள். அங்கே இலவசம் அது ஒன்றுதான்.

மறுநாள் ஒரு குளியலறை மூலையில், ஹீட் கன்னால் வினைலை இளக்கிச் சுவரோரம் வளைத்துக்கொண்டிருந்தபோது அவர் கை நின்றது. சூட்டில் வளைந்தது அப்படியே இறுகுகிறது. ஊரெல்லாம் தேடிய பொருளின் மேல்தான் இத்தனை வருஷமாக மண்டிபோட்டிருக்கிறார்.

அன்றே ஒரு கழிவுத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, இளக்கி, கத்தியைச் சுற்றி மடித்து அழுத்தி, ஓரத்தில் ரிவிட் அடித்தார்.

“பாத்தியா? காத்துகூட நுழையாது.”

மனைவி பிடியைப் பிடித்து இழுத்தாள். காலை ஊன்றி மறுபடி இழுத்தாள்.

“காத்து நுழையாது, சரி. கத்தி வருமா?”

வரவில்லை. கடைசியில் அவள் காய்கறிக் கத்திதான் உறையை அறுத்து அவர் கத்தியை மீட்டது. மில்லிமீட்டர், பிளந்த உறையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடைவெளியை ஒழித்தே பேர் வாங்கியவர். இடம் விட்டுச் செய்ய வேண்டிய வேலையும் உண்டு என்பது உள்ளே இறங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“கத்தி மேல எதையாவது சுத்திட்டு மடிங்களேன்,” என்று அவள் அந்த விசிட்டிங் கார்டை நீட்டினாள். “நல்லா மொத்தமாத்தான் இருக்கு. ஏதோ ஒண்ணுக்கு உதவட்டும்.”

மிச்சத் துண்டை இளக்கி, கார்டு சுற்றிய கத்தி மேல் மடித்தார். இறுகியபின் கார்டை உருவி எறிந்தார்கள். கத்தி உள்ளே போய் நின்றது. கட்டைவிரலால் தள்ளினால் வந்தது. மனைவி உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். விழவில்லை. அவளே அதை அவர் பையில் போட்டாள். பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

மகள் வந்தாள். பையை விரலால் அங்கங்கே அழுத்திப் பார்த்தாள். அப்புறம்தான் மடியில் ஏறினாள்.