ஒப்பித்த மன்னிப்பு

...எங்கே சறுக்கியது, "உங்கள் வலியை முழுமையாக உணர்கிறேன்" என்று டிரைவர் சொன்னாரே, அங்கேயா, அட கஷ்டகாலமே, உணர்கிறேன் என்று எந்த டிரைவர் பேசுவார், அந்த இடத்தையாவது வெட்டியிருக்கலாம், வெட்டுவதா, சொல்லிக் கொடுத்ததே நீதானே என்று வக்கீல் தன்னையே கேட்டுக்கொண்டார். எதிரே தையல்காரம்மாவின் நாற்காலி காலியாகக் கிடந்தது. டிரைவர் பேசிக்கொண்டிருந்தபோதே பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார், பின்னாலேயே ஜட்ஜம்மாவும் போய்விட்டார். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் மிச்சம் இருப்பது வக்கீல், டிரைவர், டிரைவரின் மனைவி, மூன்று பேருக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, நடுவில் ஒரு மேஜைகூடக் கிடையாது. இந்த அமைப்பை ஆரம்பித்த நாளிலேயே ஜட்ஜம்மா மேஜைகளைத் தூக்கி மாடிக்கு அனுப்பிவிட்டார். மேஜை இருந்தா அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவாங்க, சர்வீஸ் பூரா ஒளிஞ்சிருந்தவ நான், எனக்குத் தெரியாதா என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், கேட்கிறவருக்குத்தான் சுருக்கென்று இருக்கும்.

ஜட்ஜம்மா என்று கூப்பிடாதீர்கள் என்று அவரும் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டார், அந்தம்மா ரிட்டயர் ஆயிட்டாங்க, நான் வேற ஆளு என்பார், யார் கேட்டார்கள். என்ன பெண்மணி அவர்... தீங்கு செய்தவரையும் அது பட்டவரையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேச விடுகிறேன் என்று கிளம்பியபோது ஊரில் சிரிக்காதவர்கள் உண்டா, வக்கீலே சிரித்தார், பிறகு சும்மா ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்தவர் கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு இங்கேயே தங்கிவிட்டார். அன்றைக்கு ஒரு அப்பாக்காரர் இந்த அறையில் விக்கி விக்கி அழுதார். வக்கீல் பதறிப்போய்க் கைக்குட்டையை எடுக்க, ஜட்ஜம்மா கண்ணாலேயே தடுத்தார். உடனே நீட்டினா 'போதும், நிறுத்து'ன்னு அர்த்தம் ஆயிடும் வக்கீல் சார், அவரா கேட்டா குடுங்க என்று பிறகு சொன்னார். இதை எந்தக் கல்லூரியில் சொல்லித் தந்தார்கள், இந்த மனுஷிக்கு மட்டும் எப்படித் தோன்றுகிறது... நம்ம வேலை பேச வைக்கிறது இல்ல, குறுக்க விழாம இருக்கிறது என்பார். குறுக்கே விழாமல்! வக்கீல் குறுக்கே விழுந்ததோடு நிற்கவில்லை, அங்கேயே படுத்துத் தூங்கியும் விட்டார்.

டிரைவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எதையும் விட்டுட்டேனா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். சொன்ன வரைக்கும் ஒரு வரி விடாமல் சொன்னீங்க அப்பா, அதுதானே வினை என்று வக்கீல் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார். பக்கத்தில் இருந்த மனைவி, "நேத்துப் பூரா இதையேதாங்க சொல்லிச் சொல்லிப் பாத்தாரு, கண்ணாடி முன்னாடி வேற நின்னு. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு" என்றார், குறையாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா தெரியவில்லை. வேறு நேரமாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும்.

நடந்தது ஒன்றும் சிக்கலான விஷயம் இல்லை. டெலிவரி வேனைப் பின்னால் எடுத்தபோது, கடையை மூடிவிட்டு ஓரமாக நடந்துபோன தையல்காரம்மாவை இடித்துவிட்டார். சுவருக்கும் வேனுக்கும் நடுவே கை மாட்டி, வலது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது, கத்தரிக்கோல் பிடிக்க முடியாது. அதுகூடப் போகிறது. டிரைவர் இறங்கி வந்தார், பார்த்தார், திரும்ப ஏறி வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தையல்காரம்மா ஜட்ஜம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், எறங்கிப் பாத்துட்டுத்தானே போனான், அப்ப என்ன நெனச்சான், அத மட்டும் அவன் வாயால கேக்கணும். அதற்காகத்தான் இங்கே வரவே சம்மதித்தார். இன்றைக்கு இது முறிந்தால் வழக்கு திரும்பக் கோர்ட்டுக்குப் போகும், டிரைவர் உள்ளே போவார், போகட்டும், செய்ததற்கு அனுபவிக்கட்டும், ஆனால் அந்த அம்மாளுக்கு அந்தப் பதில் கடைசிவரை கிடைக்காது, அங்கே டிரைவருடைய வக்கீல் அவரை வாயைத் திறக்க விடமாட்டார். இங்கே மட்டும் என்ன வாழ்ந்தது, இங்கேயும் ஒரு வக்கீல்தானே திறக்க விடவில்லை!

அந்தப் பதில் வக்கீலுக்குத் தெரியும், அதுதான் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. சந்திப்புக்கு முன்னால் இரண்டு தரப்பிடமும் தனித்தனியாகப் பேசுவது இங்கே வழக்கம், தையல்காரம்மாவோடு ஜட்ஜம்மா, டிரைவரோடு இவர். அப்போது டிரைவர் சொன்னார், மென்று விழுங்காமல் நேராகச் சொன்னார், "உண்மையச் சொன்னா சார், அந்தம்மா கத்திக்கிட்டிருந்தாங்க. அப்பாடா, உசுரு இருக்கு, யாராவது வந்து தூக்கிக்குவாங்கன்னு தோணுச்சு. அடுத்த வீட்டுல சாமான் குடுக்கணுமே, லேட்டாயிடுச்சேன்னு நெனச்சேன். அவ்வளவுதான் சார் நெனச்சேன்." கேட்டதும் இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ, இதை அந்த அம்மாள் முன்னால் சொல்வதா, ஏற்கனவே நொந்து போயிருப்பவர்... "அதச் சொல்லாதீங்க, அவங்க தாங்க மாட்டாங்க. பயந்துட்டேன்னு சொல்லுங்க. பயமும் இருந்துச்சுல்ல?" "இருந்திருக்கும் சார்" என்றார் அந்த மனுஷன். இருந்திருக்குமாம். அதைப் பிடித்துக்கொண்டு செதுக்கு செதுக்கென்று செதுக்கி... இப்போது எடுத்துச் சொல்லிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை, தனியாகக் கேட்டதை, சந்திப்பை நடத்துகிறவர்கள் தாங்களாக வட்டத்துக்குள் கொண்டுவரக் கூடாது, அது அவரவர் சொத்து, ஜட்ஜம்மாவின் சட்டங்களில் அசைக்க முடியாத ஒன்று. சரியான சட்டம்தான், இன்றைக்கு இவர் கழுத்தையே பிடித்தாலும் சரியான சட்டம்தான்.

ஜன்னல் வழியாக வராந்தா தெரிந்தது. தையல்காரம்மா கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தார், ஜட்ஜம்மா அவருடைய பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். சமாதானம் செய்யவில்லை, முதுகைத் தட்டவில்லை, உள்ளே வாங்க என்று வாசலைக் காட்டவும் இல்லை. இவராக இருந்தால் இதற்குள் எத்தனை சமாதானம் சொல்லியிருப்பார்! ஒருவேளை அந்த அம்மாளை ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவாரோ, அனுப்பினாலும் அனுப்புவார், வந்தவங்களுக்குப் போகவும் உரிமை இருக்கு என்பாரே... அனுப்பிவிடாதீர்கள் ஜட்ஜம்மா, தயவுசெய்து.

அனுப்பவில்லை. இருவரும் உள்ளே வந்தார்கள். தையல்காரம்மா உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இழுத்து அந்த விரல்களை மூடிக்கொண்டு, டிரைவரை ஒரு பார்வை பார்த்தார். "இவர்கிட்ட அப்புறம் பேசறேன். ஒவ்வொரு வரிக்கும் சார் மூஞ்சியப் பாத்துப் பாத்துத்தான சொன்னாரு? அப்ப நான் முதல்ல சார்கிட்டதான் கேக்கணும்" என்று வக்கீல் பக்கம் திரும்பினார்.

ஜட்ஜம்மா கோபப்பட்டிருந்தால் தேவலை. வேண்டாம் என்று தடுத்திருந்தாலும் தேவலை. வட்டத்தில் பதில் சொல்ல உட்காருகிற எல்லோரிடமும் கேட்கிற அதே குரலில், ஒரு இம்மி கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், "கேக்கலாமா, வக்கீல் சார்?" என்றார். மாட்டேன் என்றும் சொல்லலாம், இங்கே யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. வக்கீலின் தலை சரி என்று தானாக ஆடியது.

"அவரு சொல்ல வந்தத மாத்துனீங்களா?"

"மாத்தினேம்மா."

"என்ன நெனச்சு மாத்துனீங்க?"

உடனே வந்து நின்றது ஒரு வாக்கியம், குளித்து முழுகித் தலை வாரிக்கொண்டு, உங்கள் மனது மேலும் புண்படக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில்... "உங்க மனசு..." என்று ஆரம்பித்தே விட்டார், ஆரம்பித்ததும் காதில் விழுந்தது, இது அப்படியே டிரைவர் ஒப்பித்த குரல். பொய்யா, பொய் இல்லை, அதுவும் இருந்திருக்கும். இருந்திருக்கும்! அதற்கு அடியில் என்ன இருந்தது, சந்திப்பு அழகாக முடிய வேண்டும், எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும், போகும்போது ஜட்ஜம்மா நின்று ஒரு வார்த்தை... சீ, இவ்வளவுதானா, இந்த வயதில் இதற்காகவா. இதை ஜட்ஜம்மா முன்னாலேயே சொல்லியாக வேண்டுமா, வேறு யார் முன்னால் வேண்டுமானாலும் சொல்லலாமே.

"உங்களுக்காக இல்லம்மா" என்றார் வக்கீல். "ஜட்ஜம்மா என்னைப் பாத்து நல்லா செஞ்சீங்கன்னு சொல்லணும். அதுக்காக மாத்தினேன்."

டிரைவர் தலையை நிமிர்த்தினார். தையல்காரம்மாவின் முகத்தில் கோபம் குறைந்ததா கூடியதா, ஒன்றும் பிடிபடவில்லை, ஆனால் எழுந்து போகவில்லை, நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார்.

அப்புறம் என்ன என்று வக்கீலுக்கே தெரியவில்லை, இன்னும் ஏதோ இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.