பெண்கள் வார்டுக்கு வந்த மண்புழுக்கள்

உரக்காரம்மா காய்ச்சலில் படுத்த ஐந்தாம் நாள் காலை, பழச்சாறு தொழிற்சாலையின் மண்புழுக்கள் அவளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின. ஒன்பது தொட்டிகளில் இருந்தவை அத்தனையும். வானம் மூடியிருந்ததால் வெயில் தொல்லை இல்லை.

பன்னிரண்டு வருடமாக அவைதான் அவளுக்குப் பேச்சுத்துணை. பிழிந்து போட்ட தோலும் சக்கையும் சாணியோடு சேர்ந்து புளித்துக் கொதிக்கும். முழங்கைவரை கையை விட்டு, சூடு தணிந்ததைப் பார்த்த பிறகே தொட்டியில் போடுவாள். “சுடச்சுடப் போட்டா வாய் வெந்துடாதா?” என்பாள். சில மாதங்களில் அது தேயிலைத்தூள்போல் கறுத்து, மழை வாசத்தோடு உர மூட்டையாகிப் போகும். கூடப்பிறந்த அண்ணன் அதே ஊரில் தண்ணீர் லாரி ஓட்டினான். அவன் பார்த்த மாப்பிள்ளையை இவள் வேண்டாம் என்றதிலிருந்து ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அவளுக்குப் பதிலாக வேலைக்கு வந்தவள் சூட்டோடு சக்கையைக் கொட்டியதால் புழுக்கள் ஓடுகின்றன என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அவை ஈரத் துணி விரித்தாற்போல் நாற்சந்தியைக் கடந்தன. போக்குவரத்துக் காவலர் நாற்பது நிமிடம் வண்டிகளை நிறுத்திவைத்தார். முதலில் நின்றது தண்ணீர் லாரி.

“எங்க சார் போகுது இவ்வளவும்?”

“ஆஸ்பத்திரிக்குப்பா. சாறு கம்பெனி உரக்காரம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியலையாம்.”

அண்ணன் லாரியை ஓரங்கட்டிவிட்டு, ஒரு புழுவையும் மிதிக்காமல் பின்னாலேயே நடந்தான்.

மண்புழுவில் ஆண், பெண் என்று தனித்தனியாகக் கிடையாது என்பதால், பெண்கள் வார்டுக்குள் விடுவதில் சிக்கல் எழவில்லை. அண்ணனைத்தான் நர்ஸ் வாசலில் மறித்தாள். “சொந்தக்காரங்க யாரும் இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்காங்களே, நீங்க யாரு?”

உள்ளேயிருந்து மெலிந்த குரல் கேட்டது: “விடுங்கம்மா. எங்க அண்ணன்தான்.”

கட்டிலைச் சுற்றித் தரையெல்லாம் புழுக்கள். அவன் காலைத் தூக்கி ஸ்டூலின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். “சாப்பிட்டியா?” என்றான்.

“பிரெட் குடுத்தாங்க. உனக்கு ஏன் இப்படி நரைச்சுப் போச்சு?”

அவன் அவள் நெற்றியில் கையை வைத்தான், வைத்த கையை எடுக்கவுமில்லை. சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது.

மறுநாள் பார்வையாளர் நேரத்துக்கு அண்ணியும் பிள்ளைகளும் வந்தார்கள். புழுக்களில் மூன்றாம் தொட்டியில் இருந்தவை மட்டும் வந்திருந்தன. மற்றவற்றுக்கு வேலை இருந்தது.