தோணியில எனக்கொரு இடம்

எங்கப்பா தோணிக்காரர், அண்ணன் தோணிக்காரன். நான் மட்டும் ஒரு தோணியிலயும் கால் வச்சதில்ல. எங்க தூத்துக்குடிக் கரையில பொம்பள ஏறினா மீன் படாதாம். நான் ஏறுனதை மீனுக்கு யாரு போய்ச் சொல்றது? கேட்டா வாயாடின்னு பேரு.

கட்டிக்கிட்டு டெல்லிக்கு வந்தப்ப எங்க வீட்டுக்காரர் அந்தோணி, "ஒன்னைய யமுனையில ஏத்துதேன்ளா"ன்னு வாக்குக் குடுத்தாக. வருசம் ஓடுனதுதான் மிச்சம். தொண்ணூத்தேழு சனவரியில ஆத்தங்கரைப் படகு கிளப்புல ஒரு பழைய மரப்படகைக் காட்டி, "ஞாயித்துக்கிழமைக்குள்ள சரிபண்ணி எறக்குனா ஒங்களுக்கு. இல்லேன்னா குளிர்காய விறகு"ன்னுட்டாங்க. இவுக அதை டெம்போவுல ஏத்தி லக்ஷ்மிபாய் நகர் குவாட்டர்ஸுக்கே கொண்டாந்துட்டாக.

சொரண்டுனது, ஓட்டை அடைச்சதெல்லாம் நல்லாத்தான் போச்சு. பெயிண்டுக்கு முந்தி அடிக்கிற பிரைமர்லதான் மனுசன் கோட்டை விட்டாக. வெயில் ஏறுனா பெயிண்டு கொப்புளிச்சிரும்னு ஊர்ல விடியக்காலத்துலயே அடிப்பாக. அதே பழக்கத்துல டெல்லிப் பனிமூட்டத்துல, நனைஞ்ச மரத்துல அடிச்சா காயுமா? மத்தியானம் தொட்டுப் பாத்தா பலாப்பழப் பிசினு! "நம்மூரு சூரியனை டிரங்குப் பெட்டியில வச்சா கொண்டாந்தீக?"ன்னு கத்துனேன். அழுகையே வந்துருச்சு எனக்கு.

எதிர்த்த பார்க்குல பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரக் கோலி ஆன்ட்டி மக கல்யாணத்துக்குப் பந்தல் போட்டு, உள்ள குளிருக்குக் கதகதன்னு கரியடுப்பெல்லாம் வச்சிருந்தாங்க. நேரா போய் நின்னேன்.

"ஆன்ட்டி, எங்க படகு காய ஒரு ஓரம் வேணும்."

"கல்யாணப் பந்தல்ல படகா? பாகல் ஹை க்யா?" பைத்தியமான்னு கேட்டாங்க.

எங்க ஊர்ல பொம்பள ஏறக்கூடாதுங்கிற கதையைச் சொன்னேன். இடுப்புல கை வச்சுக் கேட்டவங்க, "லே ஆவோ, ஜல்தி!"ன்னு சீக்கிரம் கொண்டாரச் சொல்லிட்டாங்க.

ஒட்டுன பிரைமரை வழிச்செடுத்து, மரத்தைக் காயவிட்டு, மறுபடி அடிச்சோம். மருதாணிக் கையோட பொண்ணுக வந்து வந்து எட்டிப் பாத்துச்சுக. டோலக் மேளச் சத்தத்துக்கு இவுக பிரஷ்ஷும் தாளம் போட்டுச்சு. நீலப் பெயிண்டு மினுமினுன்னு காஞ்சுது.

ஞாயித்துக்கிழமை படகு சொட்டுத் தண்ணி உள்ள விடாம மெதந்துச்சு. கிறிஸ்துமஸ் சேலையைக் கட்டிக்கிட்டு நான் நிக்கேன். அவுக தலையைச் சொறிஞ்சாக.

"ஏளா, ஒக்கார்ற பலகைக்குக் காலையிலதான் பெயிண்டு அடிச்சேன்."

"மறுபடியும் விடியக்காலத்துலயா! கையைக் குடுங்க."

"சேலை போயிரும்ளா."

"போனாப் போகுது!"

ஏறி நச்சுன்னு ஒக்காந்தேன். கரை வெலகிப் போகப் போக எனக்குச் சிரிப்பு அடங்கல. நடு ஆத்துல அவுக சட்டைப்பையில இருந்து சுருட்டி வச்ச தூண்டில் நரம்பை எடுத்தாக. "பாத்துருவோமா?"ன்னு கண்ணடிச்சாக.

சாயங்காலம் ஐ.என்.ஏ. மார்க்கெட் எஸ்.டி.டி. பூத்துல வரிசையில நின்னேன். சேலையில பின்பக்கம் பூரா நீலப் பெயிண்டு. பின்னால நின்ன ஆளுக சிரிச்சாங்க, சிரிக்கட்டும். அப்பா லைன்ல வந்தாரு.

"அப்பா, நான் தோணியில ஏறிட்டேன். மீனும் பட்டுச்சு."