கடலைப் பார்த்த பக்கம்

புயல் ஓய்ந்ததும் துறைக்கு ஓடினேன். என் படகு நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் என் சகலையின் படகு வலப்பக்கமாகச் சாய்ந்து, பாதி தண்ணீருக்குள் கிடந்தது. வெளியே தெரிந்த இடப்பக்கத்தில், என் படகு உரசிய இடமெல்லாம் சாயம் உரிந்திருந்தது.

எங்கள் துறையில் ஒரு வழக்கம். புயல் எச்சரிக்கை வந்தால், கடைசியாக வீட்டுக்குப் போகிறவன் எல்லாப் படகின் கயிற்றையும் இழுத்துப் பார்த்து, தளர்ந்ததை இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அன்றைக்குக் கடைசி ஆள் நான். பழி போட வேறென்ன வேண்டும்?

"நீ ஒழுங்கா கட்டியிருந்தா உன் படகு என் படகை இடிச்சிருக்குமாடா?" என்று சகலை எல்லார் முன்னாலும் கேட்டான். என் பெண்டாட்டியின் அக்கா புருஷன்; எங்களுக்குள் வாடா போடா உறவுதான்.

நான் விடுவேனா? "வாய்க்கு வந்தபடி பேசாதடா!" என்று எகிறினேன். எகிறியது வாய் மட்டும்தான். நான்தான் பொறுப்பு என்று முடிவானால், என் படகை விற்றுத்தான் ஈடுகட்ட வேண்டும். அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் டம்ளர் வைக்கிற சத்தமே சரியில்லை.

"நிஜமா இறுக்கித்தான் கட்டினீங்களா?" என்று என் பெண்டாட்டியே கேட்டாள். ஆமாம் என்று கத்தினேன். கத்திய பிறகு, அந்த மழையில் விரலெல்லாம் மரத்துப்போயிருந்ததே, சரியாகத்தான் கட்டினோமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சேதம் பார்க்க இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா வந்தார். கிரேன் படகை மெல்லத் தூக்கியது. கடலைப் பார்த்திருந்த வலப்பக்கம் தண்ணீரை விட்டு மேலே வந்ததும் துறையே முண்டியடித்து எட்டிப் பார்த்தது. ஓர் ஆள் நுழைந்து வரலாம், அவ்வளவு பெரிய ஓட்டை. ஓரமெல்லாம் இரும்புத் துரு.

"இவர் படகு மரம். நின்னது இடது பக்கம்," என்றார் அந்த அம்மா, என்னைக் காட்டி. "இடிச்சது இரும்பு. கடல் பக்கத்துலேர்ந்து வந்திருக்கு."

துறையின் கோடியில் மணல் ஏற்றும் இரும்புப் படகு ஒன்று தரைதட்டிக் கிடந்தது. போய்ப் பார்த்தால், அதன் மூக்கில் சகலை படகின் நீலச் சாயம் அப்பியிருக்கிறது! எச்சரிக்கை வந்தும் அதைத் துறைக்கு வெளியே ஒற்றைக் கயிற்றில் விட்டுப் போனதாக அதன் காவலாளியே ஒப்புக்கொண்டான்.

"அப்ப நஷ்டம் அவங்க முதலாளி தலையில," என்றார் அந்த அம்மா. "இந்த ரெண்டு படகோட கயிறும் அறுந்துபோகலை, அவிழவும் இல்லை. அதனாலதான் தூக்கறதுக்குப் படகுன்னு ஒண்ணு மிஞ்சியிருக்கு."

அப்பாடா! அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

சகலை வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். முகத்தில் ஈயாடவில்லை. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவன் பரம்பரைக்கே கிடையாது.

"அடுத்த புயலுக்கு நான் கடைசி ஆளா இருந்தாலும்," என்றான், "என் படகை நீயே கட்டிட்டுப் போடா."

"கட்டறேன். முதல்ல உன் பொண்டாட்டியை என் பொண்டாட்டிக்குப் போன் போடச் சொல்லு."

அவன் போனை எடுப்பதற்குள் என் போன் அடித்தது. வீட்டிலிருந்துதான்.

"இறுக்கித்தான்டி கட்டியிருக்கேன்," என்றேன், அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால்.