மட்ச் நாள் கோர்ன் டோக்

சுவிஸில் துன் ஏரிக்கரையில் இருந்த ஒரு ஹோட்டலின் சமையலறையில் வரதராசாவுக்குப் பின்னேர வேலை. அவர் மனைவி ஞானேஸ்வரிக்கு விடியமுதல் பள்ளிக்கூடம் துப்புரவாக்கும் வேலை. அவர் வந்து படுக்கும்போது அவள் நித்திரை. அவள் எழும்பிப் போகும்போது அவர் நித்திரை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு புருசனைத் தேடுகிறேன் என்று யாரிடம் சொல்ல முடியும்? சிரிப்பார்கள்.

ஹோட்டலுக்கு வரும் அமெரிக்கர்களுக்காக அவர் கோர்ன் டோக் செய்யப் பழகியிருந்தார். குச்சியில் குத்திய சொசேஜைச் சோளமாக் கரைசலில் தோய்த்துப் பொரிப்பது. "ஒரு மட்ச் நாளில வீட்டில செய்து, ரெண்டு பேருமா ரீவிக்கு முன்னால இருந்து சாப்பிடுவம்" என்று போன உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின்போதே சொல்லியிருந்தார். இந்த 2018 ஆனியில், சுவிஸ் விளையாடும் நாளில்தான் அவருக்கு லீவு கிடைத்தது.

அவள் மாக் கரைத்துக்கொண்டிருக்கும்போது ஹோட்டலிலிருந்து போன் வந்தது. இன்னொரு சமையல்காரருக்குச் சுகமில்லை.

"போகாட்டி சரிவராது, ஞானா" என்றார், சப்பாத்தைப் போட்டபடி. "நீர் செய்து சாப்பிடும்."

"ஓம்" என்றாள்.

கதவு சாத்திய பிறகு மாக் கரைத்த கோப்பையைப் பார்த்தபடி நின்றாள். கொட்ட மனம் வரவில்லை. எண்ணெயைச் சூடாக்கினாள். முதலாவதில் மா வழுகி எண்ணெயில் தனியாக மிதந்தது. வீனர்லி என்ற கோழிச் சொசேஜின் ஈரத்தைத் துடைத்து, வெறும் மாவில் பிரட்டித் தோய்த்ததும் அடுத்தது பொன்னிறமாக எழும்பி வந்தது. கடுகுப் பசையில் தேனும் மயோனைஸும் கலந்து, ஹோட்டல் சோசில் உறைப்பில்லை என்று அவர் குறைப்படுவதால் ஊர் மிளகாய்த்தூளும் ஒரு சிட்டிகை போட்டாள்.

ரீவியில் தேசியகீதம் தொடங்கியது. நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

"நான் பின்பக்கம் நிக்கிறன்" என்று போனில் சொன்னதும், ஏப்ரனோடு ஓடிவந்தார்.

"என்ன, ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை. ஆறமுதல் சாப்பிடுங்கோ."

வெறும் மரக்கறிப் பெட்டிகளில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். சோசில் தோய்த்துக் கடித்தார்.

"கடுகு கூடிப்போச்சோ?"

"இல்லை. ஹோட்டல்ல செய்யிறதைவிட நல்லா இருக்கு."

பல்லு வலிப்பது, மேல்வீட்டுக்காரி வீடு மாறுவது, தங்கச்சிக்கு இரண்டாவது பிள்ளை பிறக்கப்போவது என்று சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. எதிலிருந்து தொடங்குவது என்று யோசிப்பதற்குள் அவர் தலை அவள் தோளில் சாய்ந்தது. பாதி கடித்த கோர்ன் டோக் கையிலேயே இருந்தது. அவள் அதை மெல்ல வாங்கிப் பிடித்துக்கொண்டாள். அசையவில்லை. சட்டையில் பொரித்த எண்ணெய் மணம். கழுத்தில் சூடான மூச்சு.

ஏரிக்கரையில் மட்ச் காட்டத் திரை கட்டிய பக்கமிருந்து பெரிய சத்தம் எழுந்தது. அவர் திடுக்கிட்டு விழித்தார்.

"கோலோ?"

"அப்பிடித்தான் போல."

"ஆர் அடிச்சது?"

"தெரியேல்லை."

இரண்டு பேரும் எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை. உள்ளே யாரோ அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மிச்சக் கோர்ன் டோக்கை வாயில் அடைத்துக்கொண்டு, "அடுத்த மட்சுக்குக் கட்டாயம் லீவு கேட்கிறன்" என்றார். அவள் தலையாட்டினாள். அவளது கன்னத்தைப் புறங்கையால் ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே போனார்.

திரும்பும் பஸ்ஸில் சிவப்புச் சட்டை போட்ட சுவிஸ் ரசிகர்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். பஸ் ஹோட்டலைக் கடந்தது. சமையலறைச் சாளரம் உயரத்தில். ஆள் தெரியாது, ஆவி மட்டும்தான். வளைவு திரும்பும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.